ஒரு பக்கெட் ஜீவனிக்குப் பின்னால் இருக்கும் வரலாறு



மாரி வெள்ளம் வடிந்து கிணறுகள் கலங்கிக் கிடக்கும் நாட்களில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும் வந்துவிடும். உடனே பாமசிக்குப் போய் ஜீவனி வாங்குவோம். உப்பும் குளுக்கோசும் கலந்த அந்தச் சின்னப் பக்கெட்டின் வரலாறு 1748இல் தொடங்குகிறது.

அந்த வருடம் பிரான்சில் நொலே என்ற பாதிரியார் ஒரு பாத்திரத்தில் மதுசாரத்தை நிரப்பி, அதன் வாயை விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலால் கட்டி, தண்ணீருக்குள் வைத்தார். சில மணித்தியாலத்தில் தோல் உப்பி நின்றது. யாரும் தள்ளாமலே தண்ணீர் உள்ளே போயிருந்தது. 1820களில் துத்ரோஷே என்பவர் இதை ஆராய்ந்து பெயரும் வைத்தார். நம் பாடப்புத்தகத்தில் அதுதான் பிரசாரணம். இதன் விதிகளைக் கண்ட வான்ட் ஹொஃபுக்கு 1901இல் இரசாயனவியலின் முதலாவது நோபல் பரிசு கிடைத்தது.

விதி இலேசானது. மென்சவ்வின் எந்தப் பக்கம் உப்போ சீனியோ கூடவோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும். கலம் அதற்காகச் சக்தி செலவழிப்பதில்லை. கருவாட்டுக்கு உப்புப் போட்டதும் மீன் நீர் விடுவது இதனால்தான்.

ஆளைக் கொல்வதும் இதே விதிதான். கொலராக் கிருமி சுரக்கும் நஞ்சை 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே நிரூபித்துக் காட்டினார். அந்த நஞ்சு குடற் கலங்களிலிருந்து உப்பை வெளியேற்றுகிறது. உப்புக்குப் பின்னால் உடம்பின் தண்ணீரும் போய்விடுகிறது.

அப்படியானால் தண்ணீரைத் திரும்ப உள்ளே எடுப்பது எப்படி? 1960இல் ரொபேட் கிரேன் ஒரு விளக்கம் சொன்னார்: குடலில் சோடியமும் குளுக்கோசும் ஒரே வாசலால் சேர்ந்துதான் உள்ளே போகின்றன. கொலரா அந்த வாசலைப் பூட்டுவதில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அவை உள்ளே போகும், தண்ணீரும் தானாகப் பின்தொடரும். 1953இலேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொலரா நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதியிருந்தார். அன்று அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1968இல் டாக்காவில் நடந்த பரிசோதனை அதை உறுதிசெய்தது.

1971இல் பங்களாதேஷ் யுத்தம். இந்திய எல்லையில் போங்கான் என்ற இடத்தில் அகதிகள் கொலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். சேலைன் முடிந்துகொண்டே வந்தது. வைத்தியர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா என்று கலக்கச் செய்து, நோயாளிகளின் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்தார். தாய்மாரும் சகோதரங்களும் கோப்பை கோப்பையாகப் பருக்கினார்கள். நூற்றுக்கு 30 பேரளவில் இருந்த மரணம் 4 பேருக்கும் கீழே இறங்கியது.

2002இல் உலக சுகாதார அமைப்பு இந்தக் கரைசலின் செறிவை இன்னும் குறைத்தது. செறிவு கூடினால் தண்ணீர் உடம்புக்குள் போவது குறையும் என்பதே காரணம்.

உம்மாமாரும் அம்மாமாரும் கவனிக்க வேண்டியதும் இதுதான். "கெட்டியாக இருந்தால் நல்லது" என்று தண்ணீரைக் குறைத்து ஜீவனி கரைக்காதீர்கள். பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுக்கே கொதித்தாறிய நீரை எடுங்கள். சோடா, கோலா கொடுக்காதீர்கள். அவற்றில் சீனி அதிகம், உப்பு போதாது. குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துவிடும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வாந்தி எடுத்தாலும் கொஞ்சம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பிள்ளை சோர்ந்து, கண் குழி விழுந்து, சிறுநீர் குறைந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.