இடுக்கியும் இடுக்கியும்

ஃபோர்செப்ஸுக்குத் தமிழில் இடுக்கி என்று பெயர். கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் பெயரோ 'இடுக்கு', அதாவது மலைகளுக்கு நடுவிலுள்ள குறுகலான வழி என்பதிலிருந்து வந்தது. இந்த இரண்டு இடுக்கிகளும் 1980களில் சந்தித்துக்கொண்ட கதை இது. ஆய்வக வேலைக்காகக் கடல் தாண்டி வந்துவிட்ட போடிக்காரன் இதை எழுதாமல் விடமுடியுமா? :-)

எங்கள் ஊர் ஏலத்தை ஏலம் விடும் ஊர். காய் விளைவதென்னவோ மேலே, உடும்பஞ்சோலை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம். பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும் உண்டு. தேவாரம், கம்பம் பக்கத்துப் பெண்கள் விடிகாலை ஜீப்பில் மலையேறிப் போய் எடுக்கிற காய்தான் அது.

ஏலச் செடியில் ஒரு சிக்கல். தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடுவதால், நன்றாகக் காய்க்கிற செடியின் விதையைப் போட்டாலும் பிள்ளை தாயைப் போல இருக்காது. கிழங்கைப் பிரித்து நட்டால் தாயைப் போலவே வரும். ஆனால் தாய்க்குக் 'கட்டே' என்கிற வைரஸ் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். இந்த நோயை அசுவினிப் பூச்சி பரப்பும், விதை பரப்பாது. விதையா கிழங்கா, எதை எடுத்தாலும் ஒரு நஷ்டம்.

இதற்கு வழி இருக்கலாம் என்ற யோசனை ரொம்பத் தூரத்திலிருந்து வந்தது. செடியின் ஒரு துணுக்கைத் தனியாக வளர்க்கலாம் என்று 1902-ல் ஹாபர்லாண்ட் சொன்னார். 1952-ல் பிரான்சில் மொரெலும் மார்ட்டினும் வைரஸ் தாக்கிய டாலியா செடியின் வளர்நுனியை மட்டும் எடுத்து வளர்த்து, நோயில்லாத செடியைப் பெற்றார்கள். 1962-ல் முராஷிகேயும் ஸ்கூகும் சத்துக் கரைசலின் கணக்கைக் கொடுத்தார்கள். மயிலாடும்பாறையில் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1978-ல் வந்தது. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் ஏலக்காய்த் திசு வளர்ப்பு முறை 1983-ல் வெளியானது.

காகிதத்தில் முறை எளிதாகத்தான் இருக்கும். பாடு எல்லாம் கையில். மண்ணுக்குள் இருந்த கிழங்கின் மொட்டைக் கழுவி, கிருமிநாசினியில் முக்கி, உறைகளை ஒவ்வொன்றாக உரித்து அகர் மீது வைக்க வேண்டும். இடுக்கியை நெருப்பில் காட்டியதும் ஆறவிட வேண்டும். சூட்டோடு தொட்டால் திசு வெந்துவிடும். அழுத்திப் பிடித்தால் நசுங்கிய இடம் பழுப்பாகிச் சாகும். தலைகீழாக வைத்துவிடக் கூடாது. காற்றோட்டத்தில் அதிக நேரம் வைத்தால் காய்ந்துவிடும். இதை ஒருமுறை செய்தால் போதாது. சில வாரங்களுக்கு ஒருமுறை கொத்தைப் பிரித்து, பழைய அகரிலிருந்து புது அகருக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கன்றுகளின் எண்ணிக்கை பெருகுவதே இந்த இடமாற்றத்தில்தான். கடைசி இடமாற்றம் இன்னும் மோசம். பாட்டிலுக்குள் ஈரத்திலேயே வளர்ந்த இலைக்கு மேலே போதிய மெழுகுப் பூச்சு இருக்காது. வேரில் ஒட்டிய அகரைக் கழுவி மண்ணில் வைத்து, மூடிப் பாதுகாத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்காற்றுக்குப் பழக்காவிட்டால் வாடிவிடும்.

1987 வாக்கில் கேரளத்தின் ஏ.வி. தாமஸ் நிறுவனம் இதைத் தொழிலாகவே தொடங்கியது. இந்தியாவில் வணிகத் திசு வளர்ப்பின் தொடக்கமென்று அதைத்தான் சொல்வார்கள், அதுவும் ஏலக்காயை வைத்து. வாழைக்கும் ஆர்க்கிடுக்கும் கிடைத்த பெயர் ஏலக்காய்க்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் மலையைப் பிடித்தது பாட்டில் கன்று இல்லை. அதே 1980களில் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப், தன் தோட்டத்தில் தனித்துத் தெரிந்த செடிகளைக் கவனித்துத் தேர்ந்தெடுத்தார். அவருடைய வீட்டுப் பெயரிலேயே அது 'ஞள்ளானி' ஆனது. இன்று இடுக்கித் தோட்டங்களில் பெரும்பாலும் நிற்பது அதுதான். பக்கக் கன்றைப் பிரித்து நட்டே அது பரவியது. நாற்றங்காலில் கவனமாகப் பார்த்தால் ஒரு கன்றிலிருந்து ஒரு வருடத்தில் 30-க்கு மேல் கன்று எடுக்கலாம். மண்வெட்டியும் கத்தியும் போதும். நெருப்பில் காட்டிய இடுக்கியும் வேண்டாம், குளிரூட்டிய அறையும் வேண்டாம். விவசாயி கணக்குப் போட்டால் எதை எடுப்பார் என்று கேட்கவே வேண்டாம்.

அதனால் ஆய்வகம் தோற்றுவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கத்தியால் பிரித்த கன்றில் கட்டே ஒளிந்திருந்தால், 30 கன்றிலும் அது இருக்கும். நுனியை எவ்வளவு சிறிதாக வெட்டுகிறோமோ அவ்வளவுக்கு வைரஸ் விட்டுப்போக வாய்ப்பு. அதே சமயம் எவ்வளவு சிறிதோ, பிழைப்பதும் அவ்வளவு கஷ்டம். மொட்டை முழுசாக எடுத்து வளர்த்தால் கன்று பெருகும், ஆனால் நோய் போய்விட்டது என்று நம்பக்கூடாது. தாய்ச்செடியைச் சோதித்தே ஆக வேண்டும். ஒரு மலை முழுக்க ஒரே செடியின் பிள்ளைகள் நிற்கும்போது, சுத்தமான தாய்ச்செடி நாலாவது எங்காவது பத்திரமாக இருக்க வேண்டாமா? அதற்கு மைக்ராஸ்கோப் வழியே அரை மில்லிமீட்டர் நுனியை நறுக்கி, நசுக்காமல் தூக்கி அகரில் வைக்கிற கைதான் வேண்டும். மண்வெட்டிக்கு அந்த வேலை வராது.