கல்லுப்பட்டியில் ஒரு கணக்கப்பிள்ளை

சென்ற மாதம் மதுரையில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் நமக்கு வேண்டாம். உள்ளே நுழைந்ததும் வெட்டிவேர் வாசனை. பருத்திப் பை, மூங்கில் சீப்பு, காகித உறையில் போட்ட வேப்பங்குச்சி எல்லாம் கண்ணாடி அலமாரிகளில் கொலுவீற்றிருந்தன. முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூட்டைத் துண்டாக நறுக்கி, சணல் கயிறு கட்டி, உடம்பு தேய்த்துக் குளிப்பதற்கென்று வைத்திருந்தார்கள். ஒரு துண்டு நூற்றிருபது ரூபாய். பூமிக்குத் தீங்கு செய்யாத பொருள் என்று அட்டையில் எழுதியிருந்தது. கூட வந்திருந்த என் மருமகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, பூமிக்கு நல்லது பண்ணணும்னா மாசம் எவ்வளவு சம்பளம் வாங்கணும்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீடு திரும்பும் வரையில் அந்தக் கேள்வி என்னை விடவும் இல்லை.

நான் பிறந்து வளர்ந்தது திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் பூமியில். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது பருத்திமாரிலும் வரட்டியிலும். பாத்திரம் துலக்கியது அந்த அடுப்புச் சாம்பலில். செக்கடிக்கு எண்ணெய் வாங்கப் போனால் கையில் தூக்குச் சட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கிடையாது. அரிசி கழுவிய தண்ணீர் கழுநீர்ப் பானைக்குப் போய், அங்கிருந்து எருமைக்குப் போகும். அம்மாவின் சேலை கிழிந்தால் தொட்டிலாகும்; தொட்டில் கிழிந்தால் அடுப்படியில் பிடிதுணியாகும்; அதுவும் இற்றுப் போனால் விளக்குத் திரியாகும். தூக்கி எறிவதற்கென்று அந்த வீட்டில் ஒரு பொருளும் இருந்ததில்லை. இதற்கெல்லாம் நாங்கள் வைத்திருந்த பெயர் தரித்திரம். ஊரைவிட்டுப் புறப்பட்டபோது நான் முதலில் வெட்கப்பட்டு ஒளித்துவைத்தது மஞ்சள் பையைத்தான். 2021-ம் ஆண்டு டிசம்பரில் தமிழக அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது, அறுபது வருஷத்துக்கு முந்தைய அந்த வெட்கம் ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டேன்.

ஆனால் எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரத்திலேயே, இந்தத் தரித்திரத்தைக் கணக்குப் புத்தகத்தில் எழுதி, இது தரித்திரமல்ல, விவேகம் என்று வாதாடிய ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார். ஜே. சி. குமரப்பா என்ற அவருடைய பெயர் இன்று மதுரையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்.

1892-ல் தஞ்சாவூரில், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்திச் செல்வாக்கோடு இருந்தார். பிறகு அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதற்கு, ஆங்கில அரசாங்கம் வரிப் பணத்தைச் செலவிட்ட விதமே காரணம் என்று அங்கே ஆராய்ந்து எழுதினார். கோட்டும் சூட்டுமாக அந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டு 1929-ல் சபர்மதிக்குப் போனவர், திரும்பி வந்து பழைய தொழிலை நடத்தவில்லை. கதர் கட்டினார். 1934-ல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது வார்தாவில் அதன் காரியதரிசியானார்.

கணக்கர் புத்தி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அந்த 1934-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி பீகாரை உலுக்கிய பூகம்பத்துக்குப் பிறகு, நிவாரண நிதியின் கணக்கு வழக்கு அவர் பொறுப்பில் இருந்தது. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என்று விதித்திருந்தார். காந்தியடிகளே தம் பரிவாரத்தோடு அங்கே வந்தபோது, அந்தச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டாராம். காந்தி அதற்குக் கோபிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆளிடம் பூமியின் கணக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அதைத்தான் அவர் ஜபல்பூர்ச் சிறையில் உட்கார்ந்து செய்தார். 1945-ல் காந்தியின் முன்னுரையோடு வெளிவந்த 'எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்' என்ற அந்த நூலின் பெயரை 'நிலைத்த பொருளாதாரம்' என்று தமிழில் சொல்லலாம். சுற்றுச்சூழல் என்ற சொல்லே நம் பத்திரிகைகளில் புழங்காத காலம் அது. நிலக்கரியும் பெட்ரோலும் உலோகமும் தேக்கிவைத்த சொத்து; எடுக்க எடுக்கக் குறையும். காட்டில் வளரும் மரம், வயலில் விளையும் பயிர், மாடு போடும் சாணம் ஆகியவை ஓடி வரும் வரவு. அவர் சொன்னதை நம் பாஷையில் சொன்னால், முதலைத் தின்கிறவன் ஒருவன், வட்டியில் வாழ்கிறவன் ஒருவன். முதலைத் தின்கிறவன் ஒருநாள் அடுத்தவன் முதலுக்குக் கை நீட்டுவான், அதிலிருந்துதான் யுத்தம் பிறக்கிறது என்பது அவர் கட்சி. ஆட்டைக் கொல்லும் புலி, மாந்தோப்பைச் சூறையாடும் குரங்கு, தேனெடுக்கும்போதே பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் தேனீ, பிள்ளைக்காக உழைக்கும் தாய் என்று படிப்படியாக மனிதர்களின் பிழைப்பு முறையையும் பிரித்து வைத்தார். விஷயத்தைச் சொல்ல மிருகங்களைத் துணைக்கு அழைத்த இந்தப் பொருளாதார நிபுணரைப் பஞ்சதந்திரக்காரருக்குத் தூரத்து உறவு என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் எனக்கு அவரோடு ஒரு வழக்கு உண்டு. கைக்குத்தல் அரிசியின் பெருமையை அவர் ஓயாமல் பேசினார். எங்கள் வீட்டில் குத்தியது அம்மா. அவள் உள்ளங்கையில் உலக்கை போட்ட காய்ப்பு சாகும் வரையில் கரையவில்லை. பருத்திமார்ப் புகையில் அவள் கண் எப்போதும் சிவந்தே இருந்தது. ஊரில் அரிசி மில் வந்த அன்று அவள் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். அந்தத் தேங்காய்க்கு நிலைத்த பொருளாதாரத்தின் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் இடம்?

குமரப்பா இதை அறியாதவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வார்தாவில் அவர் இருந்த மகன்வாடியில் புகையை வெளியேற்றும் அடுப்பு ஒன்றைச் செய்தார்கள். 'மகன் சூலா' என்று பெயர். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்ற விளக்கும் அங்கே பிறந்ததுதான். பழசை அப்படியே வைத்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. பழசைச் சீர்திருத்து என்றார். அந்தச் சீர்திருத்திய அடுப்பு என் அம்மாவிடம் வந்து சேரவில்லை. அதுதான் என் மனத்தாங்கல்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். இன்று செக்கு எண்ணெய் பணக்காரர் வீட்டுப் பண்டம். கடல் கடந்து வரும் பாமாயில் ஏழையின் பண்டம். குமரப்பா இருந்திருந்தால் கணக்கு எழுதிய விதத்திலேயே தப்பு என்றிருப்பார். மலிவான பொருளை வாங்குகிறவன், அது எப்படி மலிந்தது, யார் வயிற்றில் அடித்து மலிந்தது என்றும் விசாரிக்கக் கடமைப்பட்டவன். விசாரியாதவன் திருட்டுப் பொருள் வாங்கியவனுக்குச் சமானம் என்பது அவர் சித்தாந்தம். நியாயந்தான். ஆனால் நாள் கூலியில் குடும்பம் நடத்துகிறவளிடம் போய் இந்த விசாரணையை நடத்தச் சொல்ல எனக்கு நா எழாது. நூற்றிருபது ரூபாய்க்குப் பீர்க்கங்கூடு வாங்க வக்குள்ள என்னிடம் கேட்கலாம்.

அவர் தம் கடைசி ஆண்டுகளை டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். மதுரையிலிருந்து ராஜபாளையம் சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அங்கே அவருடைய குடிசைக்கு வந்த ஒருவர், சுவரில் காந்தி படத்தோடு ஒரு ஏழை விவசாயியின் படமும் இருக்கக் கண்டு யாரென்று கேட்டாராம். காந்தி என் எஜமானர், இவர் என் எஜமானருக்கு எஜமானர் என்றாராம். 1960-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, காந்தி மறைந்த அதே தேதியில், அவரும் காலமானார். அப்போது நான் சிறு பிள்ளை. இருபது மைலுக்குள் இருந்தும் அவரைப் பார்த்ததில்லை.

போன வாரம் மருமகளையும் அழைத்துக்கொண்டு கல்லுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். ஆசிரமத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற வழியில் ஒரு வீட்டு வேலிப் படலில் பீர்க்கங்கொடி காய்ந்து கிடந்தது. பறிக்காமல் விட்ட காய்கள் நெற்றாகித் தொங்கின. விலை கேட்டேன். வீட்டுக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்கய்யா காசு? எடுத்துட்டுப் போங்க" என்று இரண்டைப் பறித்து நீட்டினாள்.

மருமகள் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து உதறியபோது கறுப்பு விதைகள் தரையெல்லாம் சிதறின. அவற்றைப் பொறுக்கி மாடித் தொட்டியில் ஊன்றியிருக்கிறாள். இன்னும் முளைக்கவில்லை.