போர் முடிந்தும் யாரும் திரும்பாத ஊர்: இங்கிலாந்தின் டைன்ஹாம் கிராமம் காலியானது எப்படி?

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் பகுதியில், கடலையொட்டிய ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது டைன்ஹாம். சர்ச் இருக்கு, ஸ்கூல் இருக்கு, போஸ்ட் ஆபீஸ் வாசலில் டெலிபோன் பூத்கூட இருக்கு. ஆனால் 1943 டிசம்பருக்குப் பிறகு இந்த ஊரில் யாருமே குடியிருக்கவில்லை. என்ன நடந்தது?

ஊரைக் கேட்ட ராணுவம்

அது இரண்டாம் உலகப் போர் நேரம். ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸில் படைகளை இறக்க நேச நாடுகள் தயாராகிக்கொண்டிருந்தன. அதற்கு டாங்கிப் படையினர் சுட்டுப் பழக இடம் வேண்டும். பக்கத்தில் லல்வொர்த்தில் ஏற்கெனவே ராணுவத்தின் சுடுதளம் இருந்தது, அது போதவில்லை.

1943 நவம்பரில் ஊர்க்காரர்களுக்குக் கடிதம் வந்தது. டிசம்பர் 19-க்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். கையில் இருந்தது சுமார் ஒரு மாதம். டைன்ஹாமும் சுற்றுப்புறமுமாக 7,500 ஏக்கர் நிலம் ராணுவத்திடம் போனது. வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் 225 பேர், அதுவும் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு.

கிளம்பும்போது சர்ச் கதவில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டது. சர்ச்சையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்பதுதான் அதன் சாரம். அதில் கோபம் இல்லை. போரில் ஜெயிக்க நம்மால் ஆனது என்றுதான் வீட்டை விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

ஏன் திரும்ப முடியவில்லை?

போர் 1945-ல் முடிந்தது. ராணுவம் நகரவில்லை. 1948-ல் அரசு நிலத்தைக் கட்டாயக் கொள்முதல் செய்தது. ஊர் நிலம் பாண்ட் என்ற ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். பெரும்பாலானவர்கள் அவர்களிடம் வாடகைக்கு இருந்தவர்கள். அதனால் நிலத்துக்கான இழப்பீடு அவர்களுக்கு இல்லை. தோட்டத்தில் போட்டிருந்த காய்கறிக்கு மட்டும் காசு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு அவ்வளவுதான்!

1960-களில் போராட்டக் குழு கிளம்பியது. நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று 1973-ல் நியூஜென்ட் பிரபு தலைமையிலான குழுவே பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. அந்தப் போராட்டத்துக்குக் கிடைத்தது ஒன்றுதான்: 1975 முதல் பொதுமக்கள் போய்ப் பார்க்க அனுமதி.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

குடியிருப்புகள் பெரும்பாலும் கூரையில்லாச் சுவர்கள். பழைய பண்ணை மாளிகையின் பெரும்பகுதி 1960-களில் இடிக்கப்பட்டது. சர்ச்சும் ஸ்கூலும் பழுது பார்க்கப்பட்டு, ஊரின் கதை சொல்லும் கண்காட்சிகளாகிவிட்டன. ஒரு விஷயம் கவனிக்கணும்: ஸ்கூலை மூடியது ராணுவம் இல்லை. பிள்ளைகள் குறைந்துபோனதால் அது 1932-லேயே மூடப்பட்டது. ஊர் முன்பே தேய ஆரம்பித்திருந்தது என்பதும் இந்தக் கதையில் உண்டு.

டெலிபோன் பூத்தும் அசல் இல்லை. 1980-களில் சினிமா படப்பிடிப்பில் அது உடைந்துபோக, அதே மாடலில் வேறொன்று வைத்தார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கு. இத்தனை வருஷமாக இங்கே நவீன விவசாயம் இல்லை, பூச்சிமருந்து இல்லை, கடலோர ரிசார்ட்டும் வரவில்லை. குண்டு விழும் இடமே காட்டுப்பூக்களுக்கும் பறவைகளுக்கும் அடைக்கலமாகிவிட்டது. ஊர் மீனவர்கள் வலைவீசிய வொர்பாரோ விரிகுடா இப்போது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான ஜுராசிக் கடற்கரையின் ஒரு பகுதி.

சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும், பெரும்பாலான வார இறுதிகளில். மற்ற நாட்களில் டாங்கிகள் இன்றும் சுடுகின்றன. சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக்கூடாது. திறந்திருக்கும் நாளிலும் மஞ்சள் கம்பங்கள் காட்டும் பாதையை விட்டு விலகக்கூடாது; வெடிக்காத குண்டுகள் மண்ணில் கிடக்கலாம்.