நெல்லிவாசல்நாட்டின் பூர்வகதை

ஜவ்வாது மலையின்மேல் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என வழங்கும் பிரதேசங்கள் 2019-இல் உதயமான திருப்பத்தூர் மாவட்டத்தின் ஊராட்சிகளாக இன்று எண்ணப்படினும், பல சிற்றூர்களை ஒரு நாடாகப் பிணைத்து, ஊர்க்கவுண்டரும் நாட்டாரும் வழக்குத் தீர்த்துவைத்த புராதன ஏற்பாட்டை அப்பெயர்களே இன்னும் தாங்கி நிற்கின்றன.

இங்குள்ள மலையாளி மக்கள் கேரளத்தவர் அல்லர். மலையில் வாழ்பவர் என்பதால் அப்பெயர் பெற்றவர்கள்.

தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி இனவரைவியலாளர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் இவர்களுடைய பூர்வகதை காணப்படுகிறது. கங்குந்தி என்னும் ஊரின் வேடர்கள் கவர்ந்து சென்ற ஏழு கன்னியரை மீட்கக் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனராம். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் மாண்டதாகக் கொள்ளுமாறு மனைவியரிடம் சொல்லியிருந்தனர். பாலாற்று வெள்ளத்துக்கு அஞ்சி நாய்கள் பாதியில் திரும்பிவிட, வேடரை வென்று மீண்ட அவ்வீரர்கள், தமக்கே ஈமக்கிரியை முடிந்து, மனைவியர் கைம்மை பூண்டிருக்கக் கண்டு, ஜாதிக்குப் புறம்பானவர்களாய், வேடர் குலப் பெண்களை மணந்து, இம்மலையேறி உழவு செய்தனர் என்பது ஐதிகம். சரித்திரச் சான்றாக இதனைக் கொள்ள இயலாது; ஆயினும், உயிரோடிருந்தும் ஊரால் இழக்கப்பட்டவர்களின் துயரத்தை ஒரு சமூகம் தன் தோற்றமாகவே போற்றிவந்தது என் நெஞ்சை உருக்குகிறது.

இம்மலையாளி மக்கள் மலைச்சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் விளைத்தனர். தேனும் கடுக்காயும் காட்டிலிருந்து கொணர்ந்தனர்.