தெப்பம் மிதக்கக் கால்வாய் வேண்டும்: வண்டியூரின் பொதுவெளி

நகராட்சிப் பூங்காக்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, மதுரை வட்டாரத்தில் மக்கள் காற்று வாங்கவும், பேசி இளைப்பாறவும், திருநாளில் கூடவும் குளக்கரைகளே இடமளித்தன. அக்கரைகளின் பயனும் அவற்றைப் பேணும் உழைப்பும் பிரிக்க முடியாதவை என்பதற்கு வண்டியூரின் இரு நீர்நிலைகள் சான்றாகின்றன.

முதலாவது மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) 1645-ஆம் ஆண்டில் அமைத்ததாகக் கொள்ளப்படும் இக்குளம், ஏறத்தாழ 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடையது. நாற்புறமும் கருங்கற்படிகளும், கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கல் பாவிய நடைபாதையும், நடுவே மைய மண்டபமும் அமைந்துள்ளன. அவரது அரண்மனையான நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளமே குளமாயிற்று என்பது வழிவழியாக வரும் செய்தி.

தை மாதத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இங்கு எழுந்தருள, அலங்கரித்த மிதவையான தெப்பத்தைக் கரையிலிருப்போர் வடம் பிடித்து இழுக்க, அது மைய மண்டபத்தைச் சுற்றி வருகிறது. வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியே நீர் வந்தால்தான் தெப்பம் மிதக்கும். நீரற்ற ஆண்டுகளில் அது நகராமல் நின்ற இடத்திலேயே விழா நடந்தது. இதற்கு ‘நிலைத் தெப்பம்’ என்று பெயர். அந்த வறண்ட குளத்திலேயே சிறுவர்கள் கிரிக்கெட் ஆடியதை மதுரைக்காரர்கள் நன்கறிவர். விளையாட இடம் கிடைத்தது உண்மையே. ஆனால் நீர்வழி அடைபட்டதன் விளைவு அது.

இரண்டாவது வண்டியூர்க் கண்மாய்; ‘கண்மாய்’ என்பது பாசன ஏரிக்குப் பாண்டிநாட்டு வழக்கு. இதுபோன்ற கண்மாய்களைக் காத்தது குடிமராமத்து, அதாவது பாசனம் பெறும் குடிகள் ஆள் அனுப்பித் தூர் வாரி, கரை உயர்த்தி, நீர் கொண்டுவரும் வரத்துக்கால் செப்பனிடும் மரபு. இவ்வுழைப்பைக் கட்டாயப்படுத்த 1858-இல் சென்னை மாகாணத்திற்கெனச் சட்டமே இயற்றப்பட்டது. எனினும் நீர்நிலைகளின் பொறுப்பு ஊரிடமிருந்து அரசுத் துறைகளுக்குப் போகப் போக மரபு தளர்ந்தது. குடிமராமத்து என்ற அதே பெயரில் 2017-இல் தமிழக அரசு மீண்டும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வயல்கள் குடியிருப்புகளாக மாறிய இடங்களில், பாசனக் குடிகள் விட்ட பணியைத் தன்னார்வலர்களே ஏற்க வேண்டியுள்ளது.

அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் சீராகி வைகை நீர் மீண்டும் வந்ததால், தெப்பக்குளத்தில் படகுகள் ஓடின. மாலை நடையும் தின்பண்டக் கடைகளும் பெருகின. நடைபாதையும் விளக்குகளும் படகுத்துறையும் ஒருமுறை செலவிட்டு அமைக்கத்தக்கவை. வரத்துக்காலில் சேரும் மண்ணும் குப்பையுமோ ஆண்டுதோறும் அள்ளப்பட வேண்டியவை. கரையில் நடப்போர் அப்பணியிலும் பங்கேற்கும்போதுதான் அந்தப் பொதுவெளி உண்மையில் ஊருக்கு உரியதாகிறது.