ஒத்திகை எழுப்பிய கட்டடம்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் 'ஜூபிலி பாடகர்கள்' பற்றிப் பேசும்போது பலரும் அவர்களுடைய இயற்கையான குரல்வளத்தில் மயங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அடிமை வாழ்வின் துயரம் தானாகவே பாட்டாகப் பெருகியது, கேட்டவர்கள் கண் கலங்கினார்கள், நன்கொடை குவிந்தது என்று கதை முடிந்துவிடுகிறது. 1871-இல் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் இந்தக் கதை நிற்பதில்லை. அந்த மாணவர்களை மேடையில் நிலைநிறுத்தியவை கடும் ஒத்திகையும் யோசித்துச் செய்த விளம்பரமும்தான். பிறவிக் கொடை என்று சொல்லி அந்த உழைப்பை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக 1866 ஜனவரியில் ஒரு பழைய ராணுவ மருத்துவமனைக் கொட்டகைகளில் தொடங்கிய பள்ளிதான் ஃபிஸ்க். ஐந்தே ஆண்டுகளில் கட்டடங்கள் இற்றுப்போயின. கடன் கழுத்தை நெரித்தது. பொருளாளர் ஜார்ஜ் ஒயிட், பாட்டுச் சொல்லிக்கொடுப்பதையும் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டவர். மாணவர்களை ஊர் ஊராக அழைத்துப்போய்ப் பாடவைத்து நிதி திரட்டலாம் என்று அவர் சொன்னபோது, பள்ளியை நடத்திய மிஷன் சங்கம் கைகொடுக்கவில்லை. கையில் இருந்த சொற்பப் பணத்தோடு 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது மாணவர்கள் கிளம்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐரோப்பியத் துதிப்பாடல்களும் அக்காலத்து ஜனரஞ்சகப் பாட்டுகளுமே முதலிடத்தில் இருந்தன. பெற்றோர் வழிபாட்டில் பாடிய பாடல்களை அந்நியர் முன்னால் பாட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஓர் ஆசிரியரின் அறையில், போதிய நாற்காலிகள் இல்லாததால் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாடல்களை ஒருவரிடமிருந்து ஒருவர் மெல்லிய குரலில் கற்றதைக் குழுவில் ஒருவரான எல்லா ஷெப்பர்டு பின்னாளில் எழுதியிருக்கிறார். பிறகு அந்தப் பாடல்கள் மேடையேறியபோது அந்த மென்மையையே ஒயிட் அங்கும் விதியாக்கினார். ஒருவர் குரலும் தனித்துத் துருத்தக் கூடாது, மிகத் தணிந்த சுரமும் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். அத்தனை குரல்களை அப்படி இழைக்க எவ்வளவு சாதகம் வேண்டும் என்பது சேர்ந்து பாடியவர்களுக்குத் தெரியும். குரல் பெரிதாக இருந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு இதில் இடமே இல்லை.

பாட்டு தயாரானாலும் ஆட்கள் வரவேண்டுமே. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் 'மின்ஸ்ட்ரல்' கூத்துகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கறுப்பின மாணவர்கள் பாடுகிறார்கள் என்றதும் அதே கோமாளித்தனத்தை எதிர்பார்த்துத்தான் பலர் வந்தார்கள். விளம்பரத்தின் முதல் வேலை இந்த எதிர்பார்ப்பை உடைப்பது. பெயரில்லாமல் புறப்பட்ட குழுவுக்கு, ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் வைத்து, விவிலியம் சொல்லும் விடுதலை ஆண்டை நினைத்து 'ஜூபிலி பாடகர்கள்' என்று ஒயிட் பெயர் சூட்டினார். கூத்துக் கொட்டகைகளைவிடத் தேவாலயங்களையே அவர்கள் பெரிதும் நாடினார்கள். நவம்பரில் ஓபர்லினில் கூடியிருந்த சபைத் தலைவர்கள் முன்னால் பாடியது திருப்புமுனையானது. டிசம்பரில் புரூக்ளினில் போதகர் ஹென்றி வார்டு பீச்சர் தம் ஆலயத்தில் அவர்களைப் பாடவைத்துத் தம் செல்வாக்கைக் கொடுத்தார். 1873-இல் குழுவின் வரலாறும் பாடல்களின் சுரக்குறிப்பும் சேர்ந்த புத்தகம் வெளிவந்தது. கேட்டவர்கள் பாட்டை வீட்டுக்கே கொண்டுபோக முடிந்தது. அடிமைகளின் பாடல்களைத் திரட்டிய தொகுப்பு ஒன்று 1867-லேயே அச்சாகியிருந்தது. ஆனால் அந்தப் பாடல்களை வெகுஜனங்களின் காதுக்குக் கொண்டுசேர்த்தவர்கள் இந்த மாணவர்களே.

ஒத்திகையை இப்படிப் போற்றுவதற்கு வலுவான மறுப்பு உண்டு. எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1934-இல், மேடையில் ஒலிக்கும் இந்தப் பாடல்கள் உண்மையான 'ஸ்பிரிச்சுவல்கள்' (அடிமைகளின் பக்திப் பாடல்கள்) அல்ல என்று வாதிட்டார். ஒத்திகையும் செதுக்கிய இசைக்கோப்பும், சபையில் அந்தந்த நேரத்தில் பிறக்கும் பாட்டின் உயிரைப் போக்கிவிடுகின்றன என்பது அவர் கட்சி. இரண்டும் வேறு வேறு என்பதில் அவர் சொன்னது சரி. ஆனால் மேடை வடிவம் வந்ததால் சபைப் பாட்டு அழிந்துவிடவில்லை. அதுவும் தன் வழியில் தொடர்ந்தது. இன்னொரு மறுப்புக்கு என்னிடம் சமாதானம் கிடையாது. தங்க இடம் மறுத்த விடுதிகளையும் ஓயாத பயணத்தையும் தாங்கிப் பாடியவர்களின் உடல்நலம் கெட்டது, ஒயிட்டும் நோயாளியானார். நிதி தேடும் அவசரத்தில் மாணவர்களை அளவுக்கு மீறிப் பாடவைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. விளம்பரம் பலித்த பின்னராவது பயணத்தைத் தளர்த்தியிருக்கலாம். தளர்த்தவில்லை.

1873-இல் விக்டோரியா மகாராணி முன்னிலையிலும் அவர்கள் பாடினார்கள். 1878 வரையிலான பயணங்களில் ஏறக்குறைய 1,50,000 டாலர் சேர்ந்தது. அந்த நிதியின் முற்பகுதியில் எழுந்த பல்கலைக்கழகக் கட்டடமான ஜூபிலி ஹால் 1876 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. இந்த வரலாற்றில் ஒயிட்டின் பெயர் முன்னால் வருகிறது. எல்லா ஷெப்பர்டைப் பெரும்பாலும் 'பியானோ வாசித்தவர்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அடிமையாகப் பிறந்த அந்தப் பெண் பள்ளியில் இசை கற்பித்தார், பாடல்களைத் திரட்டி எழுதிவைத்தார், குழுவுக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஜூபிலி பாடகர்களை உருவாக்கிய ஆசிரியர் என்று ஒயிட்டைச் சொல்பவர்கள் ஷெப்பர்டையும் அப்படியே சொல்ல வேண்டும்.