மலைமேல் ஒரு பள்ளி: பார்பியானா தரும் பாடம்

ஜூபிலி கொண்டாடும் பங்கில் நாம் முதலில் எண்ணிப் பார்ப்பவை கோயில், கெபி, பள்ளிக்கூடம், மண்டபம் முதலியவையே. அவற்றில் நம் முன்னோரின் வியர்வை கலந்திருக்கிறது; எண்ணிப் பார்ப்பது நியாயமே. ஆனால் சாலையோ, மின்விளக்கோ, குழாய்த் தண்ணீரோ இல்லாத ஒரு மலைப்பங்கு, பெரிய பள்ளிகளுக்கெல்லாம் பாடம் சொன்ன வரலாறும் திருச்சபையில் உண்டு. இந்நன்னாளில் அதனை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

இத்தாலி நாட்டில் புளோரன்ஸ் நகருக்கு வடகிழக்கே முகெல்லோ மலைப்பகுதியில் பார்பியானா என்னும் சிற்றூர் இருக்கிறது. மூடிவிடலாம் என்று கருதப்பட்ட அப்பங்கிற்கு 1954 டிசம்பரில் ஒரு குருவானவர் அனுப்பப்பட்டார். அவர் பெயர் லொரென்ஸோ மிலானி. 1923-இல் செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்தில் பிறந்து, 1947-இல் குருப்பட்டம் பெற்றவர். முந்திய பங்கில் தொழிலாளி இளைஞர்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார். அவருடைய போக்கு எல்லாருக்கும் பிடிக்கவில்லை. மலைக்கு வந்த சில நாளிலேயே, இதுவே என் இடம் என்று உறுதி செய்தவராய், அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஒரு குழிக்கு இடம் வாங்கிக்கொண்டாராம்.

அங்கிருந்த பிள்ளைகள் ஏழை உழவர் மக்கள். தொடக்கப் பள்ளியோடு படிப்பு முடிந்து, ஆடு மாடு மேய்க்கப் போனவர்கள். பதினொரு வயதுக்கு மேற்பட்ட அப்பிள்ளைகளுக்காகக் குருமனையிலேயே பள்ளி தொடங்கினார். ஆண்டின் 365 நாளும் பள்ளி நடந்தது. பெரியவன் சின்னவனுக்குக் கற்பித்தான். மேசை நாற்காலிகளையும் நிலப்படங்களையும் பிள்ளைகளே செய்தார்கள். நாள்தோறும் செய்தித்தாளை வரிவரியாய் வாசித்து, புரியாத சொல்லில் நின்று, ஏன் எதற்கு என்று கேட்டார்கள். ஏழையைத் தாழ்த்தி வைப்பது பணமின்மை மட்டுமல்ல, சொல் வன்மை இன்மையும்தான் என்பது மிலானி அடிகளாரின் உறுதியான எண்ணம். சுவரில் "ஐ கேர்" என்று எழுதி வைத்திருந்தார். "எனக்கு அக்கறை உண்டு" என்பது அதன் பொருள்.

அக்காலத்தில் இத்தாலியில், 11 முதல் 14 வயதுவரை எல்லாருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்று 1962-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் உழவர் பிள்ளைகள் தேர்வில் தவறி வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். பார்பியானாவிலிருந்து மேற்படிப்பாக ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற இரு மாணவரும் தேர்வில் தவறித் திரும்பினர். 'எங்கள் தலைவிதி' என்று அவர்கள் சோர்ந்துவிடவில்லை. தவறுகிறவர் யார், அவர் தந்தையின் தொழில் என்ன என்று புள்ளிவிவரங்களைத் திரட்டி அட்டவணை போட்டார்கள். வெளியே தள்ளப்படுவோர் பெரும்பாலும் உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே என்று கண்டார்கள். ஒரு மாணவனின் தோல்வி என்று தோன்றியது, ஒரு சமூகத்தின் குறையாகத் தெரிந்தது.

பிறகு எட்டு மாணவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். அவரவர் எண்ணத்தைச் சிறு துண்டுத் தாள்களில் எழுதினர். ஒரே பொருள் பற்றியவற்றை ஒன்றாய்ச் சேர்த்தனர், ஒரே கருத்து இருமுறை வந்தால் நீக்கினர், வரிசைப்படுத்தினர், உரக்க வாசித்துக் கடினச் சொற்களைக் களைந்தனர். குறை சொன்னதோடு நில்லாமல் மூன்று வழிகளையும் கூறினர்: கட்டாயக் கல்வி வகுப்புகளில் யாரையும் தோல்வியாக்க வேண்டாம், பின்தங்கியவனுக்கு முழுநாள் பள்ளி வேண்டும், ஆர்வமற்றவனுக்கு வாழ்வில் ஒரு குறிக்கோளைத் தர வேண்டும். 1967 மே மாதம் அது நூலாக வெளிவந்து பல மொழிகளில் பரவியது. 1971-இல் இத்தாலியத் தொடக்கப் பள்ளிகளில் முழுநாள் வகுப்புக்குச் சட்டம் இடம் தந்தது. அந்நூல் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அம்மலைச் சிறுவரின் குரலும் அதற்கு முன் எழுந்த குரல்களில் ஒன்று.

நூல் வெளிவந்த மறுமாதமே, ஜூன் 26 அன்று, மிலானி அடிகளார் புற்றுநோயால் தம் 44-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். தாம் வாங்கிய இடத்திலேயே அடக்கமானார். அவர் எழுதிய ஒரு நூல் 1958-இல் திருச்சபை அதிகாரத்தின் ஆணையால் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அம்மலைக்கு ஏறிச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

பார், சிந்தித்துத் தீர்ப்பிடு, செயல்படு என்னும் மூன்று படிகளைத் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1961-இல் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்தார்; இளைஞர் இதில் பழக வேண்டும் என்றும் வலியுறுத்தினார். பார்பியானாவின் பிள்ளைகள் செய்தது இதுவே அன்றோ? சமூகப் பிரச்சினை என்றால் நம் பிள்ளைகள் வறுமை, குடி, வரதட்சணை என்று பாடப்புத்தகத்தில் உள்ளதை மனப்பாடம் செய்கிறார்கள். மதிப்பெண் பெற்று மறந்தும் விடுகிறார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழன் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று அவர்களைக் கேட்கச் செய்வோம். அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும், காரணத்தைக் கண்டு எழுதட்டும், கூடிப் பேசட்டும், தங்களால் இயன்ற ஒன்றைச் செய்யட்டும். பெரியவர்களால் மட்டும் ஆவதைப் பங்குப் பேரவையின் முன் கொண்டுவரட்டும். அப்போது நாம் செவிகொடுக்க வேண்டும்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனின் மந்தை நாம். இந்த ஜூபிலி ஆண்டில் கோயிலுக்கு வெள்ளையடித்தோம், கொடிமரம் புதுப்பித்தோம். படிப்பை விட்ட பிள்ளைகள் நம் பங்கில் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக.